வெட்டுறதுக்கு முதல் ஒருக்காப் போட்டுக் கேளுங்கோ

பழைய இசைத்தட்டை வெட்டிச் செய்த படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுத்த வட்டத் தட்டு. அதற்குள் கிற்றாரோடு நிற்கும் ஒரு ஆள், அல்லது பொப் மார்லியின் சடை, அல்லது ஒரு நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள். வெட்டியெடுத்த இடங்களுக்குள்ளால் பின்னுக்கு வைத்த வெள்ளை மட்டை தெரியும். நடுவில் லேபிள் அப்படியே இருக்கும். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, "பழசிலிருந்து புதுசு, கையால் செய்தது" என்று ஒரு துண்டும் ஒட்டியிருக்கும். இன்ஸ்டகிராமில் போட்டால் லைக் குவியும். கலியாணப் பரிசாகவும் பிறந்தநாள் பரிசாகவும் நல்லாப் போகுது.

எனக்கு இந்தக் கலை பிடிக்கும். இதைச் செய்யிற ஆக்களோட எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் எங்கட நாட்டில், குறிப்பாக எங்கட மொழியில் வந்த ஒரு தட்டு கையில் கிடைத்தால், வாளை வைக்க முதல் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். இதுக்குள்ள என்ன இருக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வெட்டுவது மீள்பயன்பாடு இல்லை. என்ன நூல் என்று பார்க்காமல் ஒற்றையைக் கிழித்துக் கப்பல் செய்கிற மாதிரியான வேலை அது.

முதலில், வேலையை மதிப்போம்

"உதில என்ன இருக்கு, ஒரு தட்டை வெட்டுறதுதானே" என்று சொல்பவர்கள் ஒருமுறை வெட்டிப் பார்க்க வேண்டும். எல்பி என்று நாங்கள் சொல்லும் 12 அங்குலத் தட்டு பிவிசி வகைப் பிளாஸ்ரிக்கால் செய்தது. குளிர்ந்திருக்கும்போது அழுத்தினால் வெடிக்கும். வேகமாக வாள் ஓடினால் உராய்வுச் சூட்டில் உருகி, வெட்டின இடமே திரும்ப ஒட்டிக்கொள்ளும். மெல்லிய அலகுள்ள சின்ன வாளால், பொறுமையாக, தட்டைத் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். உள் துண்டுகளுக்கு முதலில் சின்ன ஓட்டை போட்டு அலகை உள்ளே விட வேண்டும். மூக்கு, விரல், கிற்றாரின் கழுத்து மாதிரி ஒடுங்கிய இடங்களில் ஒரு பிசகு விட்டால் முழுத் தட்டும் போச்சு. பிறகு ஓரங்களை அரத்தாலும் அரத்தாளாலும் தேய்க்க வேண்டும். ஒரு நல்ல படத்துக்குப் பல மணி நேரம் போகும்.

படம் வரைகிற அறிவும் வேண்டும். வெட்டும்போது எல்லாத் துண்டும் எங்கேயோ ஒரு இடத்தில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு முகத்தைக் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிறத்துக்குள் கொண்டுவந்து, அதுவும் துண்டு கழன்று விழாதபடி யோசிப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே விலை கூடக் கேட்டால் கேட்கட்டும். ஆனால் "கையால் செய்தது" என்று சொன்னால் கையால் செய்திருக்க வேண்டும். இப்போது கனபேர் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வரைபடத்தை இறக்கி, லேசர் மெசினில் கொடுத்து வெட்டுவிக்கிறார்கள். அது ஏமாற்று என்பது ஒரு பக்கம். மற்றப் பக்கம் அதைவிடப் பெரிது. பிவிசியை லேசரால் எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும். அது ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மெசினை அரிக்கும், சுவாசப்பையையும் அரிக்கும். அதனால்தான் லேசர் மெசின் செய்பவர்களே பிவிசியை வெட்டாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். மூடின அறைக்குள் இருந்து இந்த வேலையைச் செய்யிற தம்பி, தங்கச்சிமார் தயவுசெய்து இதைக் கவனியுங்கோ. கை வாள் என்றாலும் தூசுக்கு முகக்கவசம் போடுங்கோ.

ஒரு தட்டுக்குள்ள என்ன கிடக்கு?

எல்பி ஒன்றின் ஒரு பக்கத்தில் ஆயிரம் கோடுகள் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் இருப்பது ஒரே ஒரு கோடுதான். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுருண்டு சுருண்டு நடுவுக்கு வருகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பக்கம் 22 நிமிடம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 730 சுற்றுக்கு மேல் வரும். சராசரியாக ஒரு சுற்று 65 சென்ரிமீற்றர் அளவு. ஆகவே அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். அந்த அரைக் கிலோமீற்றர் பள்ளத்தின் சுவர்களில் உள்ள நெளிவுகள்தான் குரல், வயலின், மிருதங்கம் எல்லாம். நாங்கள் வெட்டியெடுப்பது சின்ன மூக்குத்துண்டு என்றாலும், ஊசி அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொரு சுற்றிலும் விழும். ஒரு பகுதி மட்டும் போச்சு என்று சொல்ல ஏலாது. தட்டே போச்சு.

1948 இல் கொலம்பியா நிறுவனம் இந்த எல்பியைக் கொண்டுவருவதற்கு முதல் இருந்தவை 78 சுற்றுத் தட்டுகள். அவை பிளாஸ்ரிக் இல்லை, அரக்கு. மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்மா சேர்த்து அழுத்தியது. பாரமாக இருக்கும், விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் அளவுதான் பிடிக்கும். பெரிய கர்நாடக வித்துவான்கள் எல்லாம் தங்கள் கீர்த்தனையை அந்த மூன்றரை நிமிடத்துக்குள் மடித்து வைத்தது இதனால்தான். 1902 இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தபோது, பாட்டின் முடிவில் தன் பெயரைத் தானே உரத்துச் சொல்லிவிட்டுப் போனார். கடல் கடந்து ஜேர்மனிக்குப் போகிற பதிவில், யாருடைய குரல் என்று தட்டு அச்சிடுகிறவனுக்குத் தெரியவேண்டுமே! நூற்றிருபது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெண் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு தட்டு செய்யக்கூடிய காரியம் இது.

உலகத்தில் வெட்டினவர்கள்

இசைத்தட்டை உடைப்பதும் வெட்டுவதும் பாவம் என்று நான் சொல்லவரவில்லை. பெரிய கலைஞர்களே செய்திருக்கிறார்கள். செக் நாட்டு மிலான் க்னீஷாக் 1960களில் தட்டுகளைக் கீறினார், எரித்தார், உடைத்துத் திரும்ப ஒட்டினார். கிறிஸ்ரியன் மார்க்லே 1980களில் வேறுவேறு தட்டுகளை வெட்டி ஒரே தட்டாக ஒட்டினார். ஒரு துண்டு சிவப்பு, ஒரு துண்டு கறுப்பு என்று பார்க்கவே வடிவாக இருக்கும். ஆனால் இந்த இரண்டு பேரிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. வெட்டின பிறகும் அவர்கள் தட்டை ஊசிக்குக் கீழே வைத்தார்கள். துள்ளித் துள்ளி, கரகரத்து, புதுச் சத்தம் ஒன்று வந்தது. அவர்கள் வெட்டியது சத்தத்துக்காக. சுவருக்காக மட்டும் இல்லை.

இன்னொரு கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1940களின் கடைசியிலும் 1950களிலும் சோவியத் ஒன்றியத்தில் மேற்கத்தைய ஜாஸும் ரொக் அன்ட் ரோலும் தடை. அங்கே இளசுகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரிகள் கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்களை எடுத்து, வட்டமாக வெட்டி, அதில் பாட்டைப் பதிந்தார்கள். ஆரோ ஒருவரின் விலா எலும்புக்கு மேல் களவாய் ஒரு ஜாஸ் பாட்டு. 'எலும்பு' என்றே அந்தத் தட்டுகளுக்குப் பெயர். தெருவில் ஒளித்து ஒளித்து விற்றார்கள். பிடிபட்டவர்கள் சிறைக்கும் போனார்கள்.

எங்கட சட்டப் படத்தையும் அந்த எலும்புத் தட்டையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கோ. அவர்கள் படத்தைப் பாட்டாக்கினார்கள். நாங்கள் பாட்டைப் படமாக்குகிறோம். அவர்களுக்குப் பாட்டுக் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. எங்களுக்குப் பாட்டு எப்பவும் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை சரியா என்பதுதான் என் கேள்வி.

எங்கட கணக்கு வேற

அமெரிக்காவில் 2022 இல் விற்ற எல்பிகளின் எண்ணிக்கை சீடிகளை முந்தியது. 1987க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அங்கே ஒரு பிரபல தட்டு இலட்சக்கணக்கில் அச்சானது. ஒன்றை வெட்டினால் அடுத்த தெருவில் ஒன்பது கிடக்கும். இங்கேயும் அப்படிச் சில தட்டுகள் உண்டு. ஜிம் ரீவ்ஸ் இல்லாத பழைய கொழும்பு வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கீறல் விழுந்த ஜிம் ரீவ்ஸ் ஒன்றை வெட்டி நீங்கள் யானையோ பூனையோ செய்யுங்கோ, நான் காசு தந்து வாங்குவேன்.

ஆனால் தமிழ்த் தட்டு அப்படி இல்லை.

இலங்கையில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் படையினருக்காக இங்கே வைத்த வலுவான ஒலிபரப்புக் கருவி பின்னர் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1952 அளவில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது, இந்தியாவே கொழும்பைத் திருப்பிக் கேட்டது. ஹிந்திக்கு அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா', தமிழுக்கு எஸ்.பி. மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று குரல்களே வீட்டு ஆக்களாகின. அந்தக் குரல்களுக்கு அடியில் சுழன்றவை தட்டுகள். எங்கட தாத்தாமாரின் ரசனை அந்தத் தட்டறைக்குள்தான் உருவானது.

1960களின் கடைசியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் எங்கட பேச்சு, எங்கட நக்கல், பைலாத் தாளம் எல்லாம் சேர்த்து ஒரு தமிழ்ப் பொப்பிசையை உண்டாக்கினார்கள். அந்தப் பாட்டுகள் தட்டாகவும் வந்தன. மொத்த இலங்கைத் தமிழ்ச் சந்தையே சின்னது. அச்சான எண்ணிக்கையும் அதற்குத் தக்கதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு நடந்தது எங்களுக்குத் தெரியும். 1983 இல் கொழும்பில் வீடுகள் எரிந்தபோது அலுமாரிக்குள் இருந்ததும் சேர்ந்து எரிந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுத்தி ரேடியோவும் கசெற்றும் கேட்டார்கள். பெரிய ரெக்கோட் பிளேயர்கள் மூலையில் தூசு பிடித்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது, பிள்ளையையும் கிழவியையும் ஒரு பையையும் தூக்கின கைக்கு, உடையிற தட்டைத் தூக்க இடம் இருந்திருக்குமா? திரும்பி வந்தவர்களுக்குக் கதவே இல்லை, தட்டு எங்கே?

இவ்வளவையும் தாண்டி ஒரு தமிழ்த் தட்டு இன்றைக்கு ஒரு பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அது தற்செயலாகத் தப்பிப் பிழைத்தது. அதைத்தான் "சும்மா கிடக்கிற குப்பை" என்று சொல்லி வாங்கி வெட்டுகிறோம்.

"எல்லாம் யூரியூப்பில இருக்குத்தானே?"

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்கள் மூன்று.

முதலாவது, "எல்லாம் யூரியூப்பில இருக்கு." யூரியூப்புக்குப் பாட்டு வானத்திலிருந்து விழவில்லை. ஆரோ ஒருவர் வீட்டில் ஒரு தட்டையோ கசெற்றையோ ஓடவிட்டுப் பதிந்து ஏற்றினதால்தான் அது அங்கே இருக்கிறது. ஏற்றப்படாத பாட்டு தேடினால் வராது. வராததால் அப்படி ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. "மூலப் பதிவு கொம்பனியில் இருக்கும்" என்று நம்பவும் ஏலாது. 2008 இல் கலிபோர்னியாவில் யுனிவேர்சல் ஸ்ரூடியோவில் பிடித்த தீயில் மூலப் பதிவு நாடாக்கள் பெருந்தொகையாக எரிந்தன. அந்த இழப்பின் அளவு 2019 இல்தான் வெளியே வந்தது. அவ்வளவு பணமுள்ள கொம்பனிக்கே அந்த நிலை என்றால், எப்பவோ மூடுப்பட்ட எங்கட சின்னக் கொம்பனிகளின் நாடாக்கள் எங்கே? சில பாட்டுகளுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே மூலம் அந்தத் தட்டாகவே இருக்கலாம்.

இரண்டாவது, "போட்டுக் கேட்க ஆரிட்ட மெசின் இருக்கு?" நியாயமான கேள்வி. பெட்டிக்குள் கிடந்து கறையான் தின்னுவதைவிடச் சுவரில் தொங்குவது மேல் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்குள் கிடக்கும் தட்டு இன்னும் பாட்டுத்தான். நாளைக்கு ஆரோ ஒருவர் மெசினோடு வரலாம். சுவரில் தொங்கும் தட்டுக்கு அந்த நாளை இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

மூன்றாவது, "உழைக்கிற பிள்ளையின்ர வயித்தில அடிக்காதேங்கோ." இதுதான் கனமான பதில். வேலை கிடைக்காமல், சொந்தக் கையால் ஒரு தொழில் தொடங்கின ஆளிடம் போய் பாரம்பரியம் பற்றிப் பாடம் எடுக்கும் ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. பொறுப்பு முழுக்க அவர் தலையில் இல்லை. தட்டை நிறுத்து விற்ற குடும்பத்துக்கும், வாங்கித் தொங்கவிடும் எங்களுக்கும், ஒரு பொதுவான ஒலி ஆவணக்காப்பகத்தை ஒழுங்காக உண்டாக்காத எங்கட சமூகத்துக்கும் பங்கு இருக்கு. நான் கேட்பது தொழிலை நிறுத்தச் சொல்லி இல்லை. ஒரு சின்ன ஒழுங்கை வைத்துக்கொள்ளச் சொல்லித்தான். அந்த ஒழுங்கு தொழிலுக்கும் இலாபம்.

என்ன செய்யலாம்?

ஒன்று. வெட்ட முதல் லேபிளின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுங்கோ. பாடினவர், கொம்பனி, இலக்கம் தெரியட்டும். லேபிளுக்கு வெளியே உள்ள வெறும் பகுதியில் கீறியிருக்கும் இலக்கத்தையும் எடுங்கோ. எந்த அச்சிலிருந்து வந்த தட்டு என்று அதைக்கொண்டு கண்டுபிடிக்கலாம். இரண்டு நிமிட வேலை, செலவு ஒன்றும் இல்லை.

இரண்டு. அந்தப் பெயரையும் இலக்கத்தையும் இணையத்தில் தேடுங்கோ. கனபேரிடம் இருக்கும் தட்டு என்றால் தாராளமாக வெட்டுங்கோ. ஆழமாகக் கீறுப்பட்டது, வெடித்தது, வெயிலில் வளைந்தது என்றாலும் வெட்டுங்கோ. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வாளைக் கீழே வையுங்கோ.

மூன்று. இலங்கையில் அச்சானது, தமிழில் உள்ளது, 78 சுற்று அரக்குத் தட்டு, இந்த மூன்றையும் தனியாக எடுத்து வையுங்கோ. அரக்குத் தட்டு எப்படியும் வாளுக்கு நொறுங்கும், உங்களுக்குப் பிரயோசனமில்லை. துடைக்கிறது என்றால் ஸ்பிரிட் போடாதேங்கோ. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் அதோடு கரையும். நிமிர்த்தி, வெயில் படாமல் வைத்தால் போதும். 2005 இலிருந்து எங்கட எழுத்துகளை எண்ணிமமாக்கி வரும் நூலகம் போன்ற முயற்சிகள் இப்போது ஒலியையும் சேர்க்கின்றன. பழைய தட்டுச் சேகரிப்பவர்களும் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களிடம் காட்டுங்கோ. நல்ல விலைக்கே வாங்கவும்கூடும்.

நான்கு. வெட்டின தட்டில் என்ன பாட்டு இருந்தது என்று ஒரு சின்ன மட்டையில் எழுதிச் சட்டத்துக்குப் பின்னால் ஒட்டுங்கோ. வாங்கிறவருக்கு அது ஒரு கதை. உங்கட வேலைக்கு அது ஒரு மதிப்பு. மற்றவர்களின் படத்திலிருந்து உங்கட படத்தைப் பிரித்துக் காட்டவும் அது போதும்.

ஐந்தாவதாக ஒன்று, இது ரசிகனாக என்ர ஆசை. எல்விஸும் மார்லியும் உலகம் முழுக்க வெட்டியாச்சு. அதே வரைபடத்தை இறக்கி இன்னொருக்கால் வெட்டுவதில் உங்கட கைக்கு என்ன பெருமை? தவில் மேதை தட்சணாமூர்த்தியின் கையை வெட்டுங்கோ. சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்கும் பெடியனை வெட்டுங்கோ. மைக்குக்கு முன்னால் இருக்கும் இலங்கை வானொலி அறிவிப்பாளரை வெட்டுங்கோ. மனோகரனின் முகத்தை ஜிம் ரீவ்ஸின் தட்டில் வெட்டுங்கோ. ஜிம் ரீவ்ஸ் கோவிக்க மாட்டார். மனோகரனின் முகத்துக்காக மனோகரனின் தட்டையே வெட்டாமல் விட்டால் சரி.

வாங்குகிற எங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்தமுறை கடையில் இப்படி ஒரு படத்தைக் கண்டால், "என்ன விலை?" என்று கேட்க முதல் "இது என்ன தட்டு?" என்று கேளுங்கோ. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது தட்டை வெட்ட முதல் அவரே லேபிளைப் பார்ப்பார்.

வீட்டில் தாத்தா, அப்பம்மா விட்டுப்போன தட்டுப் பெட்டி இருக்கிறவர்கள் இந்தக் கிழமையே அதைத் திறந்து, லேபிள்களை மட்டும் படமெடுத்து வையுங்கோ. என்ன தட்டு என்று தெரிந்த பிறகும் வெட்டலாம். வெட்டின பிறகு தெரிந்து பிரயோசனமில்லை.